கட்டிலுக்கு அடியில் குழி

நான் ஆடாமல் விட்டதில், கிளப்பில் இருந்த பில்லியர்ட்ஸ் மேசை வளர்ந்து எங்கள் படுக்கையறைக்குள் வந்துவிட்டது.

ஆடாத மேசை வளரும். இதில் விளக்க ஒன்றுமில்லை. எங்கள் சிமெண்ட் ஆலைக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக ஆடி முடித்தவர் பேரில் மேசை நிற்கும். இன்னொருவர் வந்து ஆடும்வரை அவர்தான் அதற்குப் பொறுப்பு. எனக்குப் பிறகு யாரும் வரவில்லை. பையன்கள் செல்போனில் ஆடினார்கள். நான் ஓய்வு பெற்றேன், அலுத்தது, விட்டேன். அவ்வளவுதான்.

மேசை முதலில் கிளப்பின் பின்சுவரைத் தாண்டியது. தீபாவளிக்கு மைதானத்தில் பாதி தூரம் வந்திருந்தது. பிறகு கூட்ஸ் ரயில் லைனுக்கு அடியில் நுழைந்து எங்கள் தெருவில் ஏறியது. பச்சைத் துணி மண்ணோடு மண்ணாகப் படிந்து வந்தது. தெரு நாய்கள் அதன் மேல் படுக்கவில்லை. பெண்கள் வற்றல் காயவைக்கவில்லை. எல்லோருக்கும் சட்டம் தெரியும். மேசை மேல் இருப்பதைக் கையால் தொடக் கூடாது. தொட்டால் ஃபவுல். ஃபவுல் ஆனால் குழி அகலும்.

பக்கத்து வீட்டு தில்லைநாயகம் வாசலில் முக்காலி போட்டு முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது வலது மூலைக் குழி அவர் காலடிக்கு வந்தது. அவர் மனைவி சௌந்தரம் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். ஃபவுல். குழி அகன்றது. ஒரு கன்னம் வழித்து ஒரு கன்னம் நுரையோடு போய்விட்டார். அன்று மத்தியானம் கிளப்பில், பந்துகள் வந்து விழும் தட்டில் ஒரு பச்சைப் பந்து கிடந்தது. வெள்ளை வட்டத்துக்குள் ஆறு என்று போட்டிருந்தது.

அதே குழி அடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தது.

என் மனைவி தவமணி முழங்காலில் ஆபரேஷன் ஆகி, கட்டிலில் இருந்தாள். காலையில் காபியோடு போகிறேன், கட்டிலின் நான்கு கால்களும் பச்சைத் துணியின் மேல் நிற்கின்றன. சாமி படம் மாட்டிய சுவரை எதிர்க் குஷன், அதாவது மேசையின் ரப்பர் விளிம்பு, உரசிக்கொண்டிருந்தது. அவள் கால்மாட்டில், தரையில், அண்டா வாய் அகலத்துக்குக் குழி. உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

"இறங்கிடு" என்றேன்.

"இறங்கினா காலு துணியில படுமே. படலாமா?"

"கூடாது."

"அப்ப காபிய அங்க வைங்க."

டம்ளரை மேசையின் மரச் சட்டத்தின் ஓரத்தில் வைத்தேன். சட்டம் துணியில் சேராது. அவள் கைத்தடியின் வளைவால் டம்ளரை இழுத்து எடுத்துக்கொண்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு எல்லாம் அந்தத் தடிதான். படுத்தபடி ஃபேன் சுவிட்சைத் தட்டுவாள், சுவரில் பல்லியை விரட்டுவாள். தடியின் ரப்பர் முனை தேய்ந்துபோய் வழுக்கியதால், எதையும் தட்டும் முன் தலைமாட்டில் இருக்கும் திருநீற்றுத் தட்டில் ஒரு குத்து குத்திக்கொள்வாள்.

"திருநீறுல குத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"வழுக்குதுங்க. சாமி ஒண்ணும் சொல்லமாட்டார். நீங்க போய் ஆடுற வழியப் பாருங்க."

அவள் கையைப் பிடித்து நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொட்டால் ஃபவுல். வாசலில் நின்று செருப்பை மாட்டினேன்.

மேசையைச் சுருக்க ஒரே வழி. வெள்ளைப் பந்தை இந்த முனையிலிருந்து நேராக அடிக்க வேண்டும். அது எதிர்க் குஷனில் பட்டு, போன கோட்டிலேயே திரும்பி வந்து, அடித்த ஸ்டிக்கின் முனையைத் தொட வேண்டும். ஒரு தடவை தொட்டால் போதும். புதிதாகச் சேர்பவனுக்கு முதல் நாள் கொடுக்கும் பாடம் இதுதான். ஒரு காலத்தில் இதை நான் காலையில் பல் விளக்குவதுபோல் செய்தேன்.

இப்போது கோணலாகப் போனால் வெள்ளை குழியில் விழும், குழி இன்னும் அகலும். அல்லது கட்டில் காலில் மோதும். மோதினால் கட்டில் குழிக்குள் போகும். தட்டில் புதிதாக ஒரு பந்து வந்து விழும். அதில் என்ன எண் இருக்கும் என்று யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

கிளப்பில் மார்க்கர் மரியதாஸ் இருந்தான். மேசையைத் துடைப்பது, பந்தை அடுக்குவது, ஃபவுல் கூப்பிடுவது எல்லாம் அவன் வேலை. என் வயதுதான். வாய் மட்டும் இளசு.

"வாங்க சார். மேசை உங்க வீட்டுக்கே வந்துடுச்சாமே. நடக்கிற அலுப்பு மிச்சம்."

"ஸ்டிக்கை எடு."

எடுத்துக் கொடுத்தான். குனிந்தேன். இடது கை விரல்களை விரித்து, ஸ்டிக் தங்கப் பாலம் வைத்தேன். விரல்கள் மடங்கவில்லை. வலது கை இறுகியது.

"ஸ்டிக்கப் பிடிக்கிறீங்களா, மாட்டு மூக்கணாங்கயிறப் பிடிக்கிறீங்களா? தளர்த்துங்க சார்."

"தெரியும்."

"தெரியும்னா செய்யுங்க."

காலி சோடா பாட்டிலைப் படுக்கப் போட்டான். ஸ்டிக்கின் முனை பாட்டிலின் வாய்க்குள், கண்ணாடியைத் தொடாமல், போய் வர வேண்டும். பந்து கிடையாது. முழங்கை மட்டும் ஆட வேண்டும், தோள் ஆடக் கூடாது. என் முனை கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருந்தது. காய்ச்சல்காரனின் பல் மாதிரி சத்தம்.

மேசையின் மறுபக்கம் பார்த்தேன். பச்சைத் துணி பின்சுவரில் ஒரு சந்துக்குள் நுழைந்து இருட்டாகப் போனது. அந்த இருட்டின் கோடியில் என் வீடு.

மறுநாள் பந்தில் அடிக்கத் தொடங்கினேன். கிட்டத்தில் வைத்து, மெதுவாக. வேறு பந்துகள் உறைக்குள் இருந்தன. தட்டில் தயாராக இருந்தது ஆறுதான். அதையே வைத்தோம். வெள்ளையை ஆறில் மோதி நிறுத்துவது அடுத்த பாடம். நாலைந்து அடித்ததும் ஒன்றைக் கவனித்தேன். நான் ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுக்கும்போதே ஆறு கொஞ்சம் விலகியது.

"விலகுதே" என்றேன்.

"விலகாம? கண்ணாடியில தட்டினவர் கையில அடி வாங்க யாருக்கு மனசு வரும்?"

மத்தியானம் சௌந்தரம் தூக்குவாளியில் எங்களுக்கு எலுமிச்சை சாதம் கொண்டுவந்தாள். மேசை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தொடக் கூடாது என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னிக்கு அவர அடிச்சீங்களாண்ணே?"

"கொஞ்சம்."

"மெதுவா அடிங்க. அவருக்கு இடுப்பு வலி." பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து மரியதாஸிடம் நீட்டினாள். "கையுறை போட்டிருக்கீங்கல்ல, நீங்க தொடலாம்ல? லேசா தடவி விடுங்க."

மரியதாஸ் வெள்ளைக் கையுறையோடு ஆறை எடுத்துத் தைலம் தடவினான். பிறகு அறை முழுக்க அந்த வாசனைதான்.

"இவரை இந்தப் பக்கக் குழியில போட்டுட்டா வீட்டுக்கு வந்துடுவாரா?" என்று கேட்டாள்.

"வந்த குழி வழியாத்தான்மா திரும்பணும். இந்தப் பக்கக் குழில போட்டா எங்க போவார்னு எனக்குத் தெரியாது" என்றான் மரியதாஸ்.

அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் பொறுமை போய்விட்டது. பாட்டிலில் சத்தம் குறைந்திருந்தது. போதும் என்று நினைத்தேன். வெள்ளையைக் கோட்டில் வைத்து, நீளமாக அடித்தேன். பந்து சந்துக்குள் போய் மறைந்தது. துணியில் உருளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. நாங்கள் இருவரும் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

போன் அடித்தது. தவமணி.

"உங்க பந்து வந்துச்சுங்க. கட்டிலுக்கு அடியில போயி குழியில விழுந்துடுச்சு."

"கட்டில்ல படலியே?"

"படல. குழிதான் கொஞ்சம் பெரிசாயிருக்கு. கால்மாட்டுக் கட்டில் காலு விளிம்புல நிக்குது." குரலைத் தாழ்த்தினாள். "உள்ள யாரோ இருமுற மாதிரி இருக்கு."

"காதைப் பொத்திக்க."

தட்டில் வெள்ளை வந்து விழுந்தது. எடுத்தேன். கிணற்றுக்குள்ளிருந்து எடுத்ததுபோல் சில்லிட்டு, ஈரமாக இருந்தது. மரியதாஸ் அதைத் துடைக்கவில்லை. கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

அன்று ராத்திரி நான் வீட்டில் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். படுக்கையறை வாசலில் நாற்காலி. அவள் தூங்கினாள். மேசை வளரும்போது ஒரு சத்தம் வரும், புதுச் செருப்பு கிறீச்சிடுவது போல. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எழுந்து கட்டில் காலைப் பார்த்தேன். விளிம்பில் பாதி வெளியே தொங்கியது. நீட்டினால் கைக்கு எட்டும் தூரத்தில் அவள் பாதம். நீட்டவில்லை.

விடிந்ததும் கிளப்புக்குப் போனேன். பாட்டிலைப் போடச் சொன்னேன். ஒரு சத்தமும் வராமல் முனை உள்ளே போய் வந்தது. மரியதாஸ் கிண்டல் செய்யவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏதாவது சொல்லேன்" என்றேன்.

"அடிங்க சார்."

பந்தில் வழுக்காமல் இருக்க ஸ்டிக்கின் முனையில் நீலச் சாக்பீஸைத் தேய்த்தேன். குனிந்தேன். தாடை ஸ்டிக்கைத் தொட்டது. மூச்சை விட்டேன். அடித்தேன்.

"நேரா போச்சு சார்! நூல் பிடிச்ச மாதிரி!" என்று மரியதாஸ் கத்தினான்.

நான் அசையவில்லை. ஸ்டிக்கை எடுக்கக் கூடாது. பந்து திரும்பி வந்து முனையைத் தொடும்வரை அப்படியே குனிந்து நிற்க வேண்டும். பந்து சந்துக்குள் போனது. மைதானத்தைத் தாண்டியிருக்கும். லைன் மேல் ஒரு கூட்ஸ் போனது, துணி அதிர்ந்தது.

போன் அடித்தது. மரியதாஸ் எடுத்து என் காதில் வைத்தான்.

"உங்க பந்து வாசல்படி ஏறிடுச்சு" என்றாள் தவமணி. "ஏங்க, இது கோணலா வருது."

"எந்தப் பக்கம்?"

"கால்மாட்டுப் பக்கம். நேரா அந்தக் கட்டில் காலுக்குத்தான் வருது."

இந்த முனையில் நின்றுகொண்டு எதையும் திருத்த முடியாது.

"தவமணி."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப போன வைங்க. எனக்குக் கையில வேலை இருக்கு."

வைத்துவிட்டாள்.

மரியதாஸ் தட்டின் பக்கம் பார்த்தான். நானும் குனிந்தபடியே தட்டைப் பார்த்தேன். எந்த நேரமும் ஒரு பந்து வந்து விழலாம். இடுப்பு வலித்தது. கண்ணில் வேர்வை இறங்கியது. துடைக்கவில்லை. மேசையில் ஓரமாக இருந்த ஆறும் தட்டின் பக்கமே கொஞ்சம் உருண்டு நின்றது.

பிறகு சந்துக்குள் துணி உரசும் சத்தம். வெள்ளை வந்தது. அவசரமே இல்லாமல், கோட்டின் மேலேயே, பழக்கமான வழியில் வருவதுபோல் வந்தது. என் ஸ்டிக்கின் முனையைத் தொட்டு நின்றது.

மேசை சுருங்கியது. லைனுக்கு அடியில் நழுவி, மைதானத்துப் புல்லைச் சீய்த்துக்கொண்டு, இருந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தது. யாருடைய செருப்போ, இரண்டு கோழி, தில்லைநாயகத்தின் முக்காலி. கடைசியாகச் சந்து வழியே எங்கள் கட்டில் வந்தது. பின்னால் சுவர் மூடிக்கொண்டது. மேசையின் கோடியில், துணி மேல் நான்கு கால்களும் ஊன்றிக் கட்டில் நின்றது. தவமணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைத்தடி.

"இந்த ரூமுக்கா இத்தனை வருஷம் ஓடி ஓடி வந்தீங்க?" என்றாள்.

ஆட்டம் முடிந்துவிட்டது, இனிக் கையால் தொடலாம். அவள் கையைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது. கொஞ்ச நேரம் விடவில்லை.

மரியதாஸ் வெள்ளையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் என் நீலச் சாக்பீஸின் தடம், நடுவிலிருந்து நெல்லளவு விலகி. மறுபக்கம், சரியாக நடுவில், வட்டமாகத் திருநீறு. என்னிடம் காட்டினான். பார்த்தேன். அவன் வெள்ளையைத் துடைத்துக் கட்டிலுக்கு முன்னால் வைத்தான். மேசை இனி என் பேரில் இல்லை.

"இதுல தில்லைநாயகம் அண்ணன் எது?" என்று தவமணி கேட்டாள்.

"பச்சை. ஆறு."

"எந்தக் குழி?"

மரியதாஸ் காட்டினான். திருநீற்றுத் தட்டும் கட்டிலோடு வந்திருந்தது. அதில் ஒரு குத்து குத்திக்கொண்டாள். குனியவில்லை, பாலம் வைக்கவில்லை. சுவிட்சைத் தட்டுவதுபோல் தட்டினாள். ஆறு விலகாமல் நின்று அடி வாங்கி, நேராகக் குழிக்குள் போனது.

நாங்கள் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனபோது தில்லைநாயகம் வாசலில், முக்காலி இல்லாததால் படியில் உட்கார்ந்து, மற்ற கன்னத்தை வழித்துக்கொண்டிருந்தார். நுரை காயவில்லை. நெற்றியில் வெள்ளை வட்டத்துக்குள் ஆறு. சௌந்தரம் கண்ணாடி பிடித்தபடி நின்றாள்.

"நீங்க போட்டதுதானேண்ணே?" என்றாள்.

"இல்ல."

"பின்ன, மார்க்கரா?"

"இல்ல."

"யாருன்னுதான் சொல்லுங்களேன்."

எனக்குப் பசித்தது. கேட்டைத் திறந்துகொண்டே சொன்னேன்.

"தவமணி."