சர்க்கரை உருண்டையும் கட்டுச்சேவலும்

குருமூர்த்தி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழிலை மகனிடம் விட்டுவிட்டு, தபாலில் ஹோமியோபதி படித்து டாக்டர் ஆனார். அதாவது, கோழிப்பண்ணை கேட்டில் அப்படி எழுதிவைத்தார். அவருடைய சர்க்கரை உருண்டைகளைத் தின்ற ஊர்க்காரர்கள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் கோழிகள் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து கெடையாது. வெள்ளைக்கழிச்சல் நோவுக்கு நம்ம உருண்டைதான்" என்று அறிவித்து, மருந்துக் குப்பிகள் இருந்த ஃப்ரிட்ஜைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். வீட்டில் தயிருக்கும் தடை விழுந்தது.

பண்ணையை நடத்துவது அவர் மனைவி பெரியநாயகி. ஷெட்டில் எட்டாயிரம் குஞ்சுகள். ஞாயிறு விடிந்ததும் சேதி வந்தது.

"ஏனுங்க, பக்கத்துப் பண்ணையில கழிச்சல் உழுந்துருச்சாமா. இன்னைக்கே நீலச்சாயம் கலந்து மருந்து வெச்சாவோணும். சாவியக் குடுங்க."

மருந்து கெடாமல் இருக்கத் தண்ணீரில் கலக்கும் அந்தச் சாயம்தான் பண்ணைக்காரர்களுக்குச் சாட்சி. நாக்கு நீலமாக இருந்தால் கோழி மருந்தைக் குடித்திருக்கிறது.

"அளவு கொறையக் கொறைய வீரியம் கூடும். உனக்கு விஞ்ஞானம் தெரியாது, புள்ள."

"அப்ப மொதல்ல உங்க ராசாவுக்குக் குடுங்க."

ராசா, அவர் சேவல் சண்டைக்கு வளர்க்கும் கட்டுச்சேவல். பாதாம் தின்று வளர்ந்தது. குருமூர்த்திக்கு முகம் வெளுத்தது. "குடுத்தாச்சு!" என்று சொல்லிவிட்டு, சேவலைத் தூக்கிக்கொண்டு அவசரமாகக் கொல்லைப்பக்கம் போனார்.

பத்து மணிக்கு ஊர்க் கல்யாண மண்டபத்தில் உருண்டையை விளக்க அவர் கூட்டிய கூட்டம். நாற்காலி நிறையப் பண்ணைக்காரர்கள். மேசைமேல் ராசா. மைக்கில் குருமூர்த்தி.

"ஊசியில்லை, மருந்தில்லை! உருண்டை ஒன்றே இவனுக்குக் கவசம்! அளவைக் குறையுங்கள், ஆற்றல் பெருகும்!"

முன்வரிசையில் பண்ணைக்காரர் சின்னராஜ் எழுந்தார். "டாக்டருங்களே, அப்ப உருண்டையே குடுக்காம உட்டுட்டா கோழி சாவவே சாவாதுங்களா?"

சிரிப்பு அடங்குவதற்குள் ராசாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கழுத்தை நீட்டி, அலகை அகலத் திறந்து கூவியது. நாக்கு நீலம். தொண்டை வரைக்கும் நீலம்.

மண்டபத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"உருண்டை நல்லாச் சாயம் போவுதுங்க!" என்றது ஒரு குரல்.

"அது... வீரியம் நாக்குக்கு ஏறுதுங்க" என்றார் குருமூர்த்தி, மைக்கை விடாமல்.

பின்வரிசையில் இருந்த பெரியநாயகி மேடையேறிக் கையை நீட்டினாள். "சாவி."

அத்தனை பேர் பார்க்க அரைஞாணைத் தடவி முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்.

வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால், ஒரு குப்பி காலி. கூடுதலாக ஒன்று வாங்கி வைத்திருந்ததால் குஞ்சுகள் தப்பித்தன.

"ஏனுங்க, ஆயிரம் குஞ்சுக்கு ஆவறத ஒத்தச் சேவலுக்கா ஊத்துனீங்க? கொறைச்சாத்தான வீரியம்னீங்க?"

குருமூர்த்தி ராசாவின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"இது கட்டுச்சேவலு, புள்ள. இதுல போயி வெளையாடுவாங்களா?"