சம்பந்தி வீட்டுச் சுவரில் தொங்கிய கத்தி

ராணுவக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் வந்த கத்திகளை உருக்கியிருந்தால் ஒரு ரயில் பாலமே கட்டியிருக்கலாம். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: நிஜப் பட்டாளத்துக் கத்தியா? பிடியில் புலித்தலையும் அலகில் வீர வசனமும் இருந்தால், ஊர் சுற்ற வந்தவர்களுக்கு விற்றது. கடைக்காரர் பெயரும் நல்ல எஃகும் இருந்தால், சிப்பாய் சொந்தக் காசில் வாங்கியது. அரசாங்கம் கொடுத்த கத்தி அரசாங்கம் மாதிரியே இருக்கும், முகத்தில் சிரிப்பே இருக்காது. மங்கல் கறுப்பு, ஓர் எண், பரிசோதகர் முத்திரை. அவ்வளவுதான்.

என் மகளின் மாமனார் பட்டாளத்துக்காரர். அவர் வீட்டுச் சுவரில் ஒரு கத்தி தொங்கியது. அதை வைத்து அவர் ஐந்து எதிரிகளைச் சாய்த்தார் என்று சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சொன்னார். பேரன் பிறந்தபோது அது பதினொன்றாகியிருந்தது. எனக்கே பொறாமை.

இப்போது அவருடைய பழைய படைப்பிரிவு ஒரு காட்சியகம் திறக்கிறது. கத்தியைக் கொடுப்பதாகச் சம்பந்தியம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். சம்பந்தி மேடையேறிக் கதை சொல்ல வேண்டும். அதற்கு முன் கத்தி அசல்தானா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

சம்பந்தியம்மா டீ போடப் போனதும் சம்பந்தி நாற்காலியில் சரிந்தபடி முனகினார்.

"சம்பந்தி, போலின்னு சொல்லிடுங்க."

"ஏன்?"

"டின் திறந்தேன், கயிறு அறுத்தேன். வேற ஒண்ணும் பண்ணலை. அவ கதையைக் கேட்டுக் கேட்டு, நிஜமாவே அந்தச் சண்டையைப் போட்ட மாதிரி உடம்பெல்லாம் வலிக்குது. மேடையில வேற நிக்கணுமாம். முடியலை."

"அவங்ககிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. தன்னடக்கம்ங்கறா."

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கறுப்புப் பூச்சு எண்ணின் குழிக்குள்ளும் சீராக இறங்கியிருந்தது. போலியில் பூச்சுக்கு மேலேதான் எண்ணை வெட்டியிருப்பார்கள். இது சுத்த அசல். மழை, முதுகுவலி, வாங்கிய சம்பளம் எதைப் பற்றியும் வாய் கூசாமல் அளப்பேன். கத்தி விஷயத்தில் மட்டும் பொய் வராது.

"என்னண்ணா, நிஜம்தானே?" டீயோடு வந்தார் சம்பந்தியம்மா.

"சத்தியமா நிஜம்."

அவர் முகம் மலர்ந்தது. சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுலதான் சிக்கல். கிடங்குல கொடுத்தது கிடங்குக்குத் திரும்பணும். வேலையை விட்டு வரும்போதே ஒப்படைச்சிருக்கணும். கண்ணாடிப் பெட்டியில வச்சா, பார்க்கற முதல் அதிகாரியே, இது எப்படிம்மா உங்க வீட்டுக்கு வந்துச்சுன்னு கேட்பார்."

இதுவரை உண்மை. அதற்கு மேல் என் வாய் சும்மா இருக்குமா? "லாரி லாரியா வந்து இறங்குவாங்க. காய் நறுக்கற கத்தியில கூட நம்பர் தேடுவாங்க."

சம்பந்தியம்மா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, திருப்பிக் கொடுக்காமயா வந்தீங்க?"

"யாரும் கேட்கலை. இடுப்புல இருந்துச்சு. அப்படியே வந்துட்டேன்."

"பதினொரு பேரை..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். கத்தியை முந்தானையால் பிடித்து வாங்கி, பழைய தலையணை உறையில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் தள்ளினார்.

"காணாமப் போச்சுன்னு சொல்லிடறேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

"நான் எப்பப் பேசினேன்?" என்றார் சம்பந்தி.

சந்தோஷப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலேயே சோபாவில் சாய்ந்தார். நான் வாசல் தாண்டுவதற்குள் குறட்டை கிளம்பிவிட்டது. பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டது, நம்பினால் நம்புங்கள்.