இறுகாத மரத்தூள்

ஈஸ்டர் காலையில் ஓரகத்தி டோரதி அடுப்பில் மரத்தூள் நிரப்புவதை, தலையைப் பின்னிக்கொண்டே லூர்துராணி பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். பாட்டிலை உருவினால் துளை நிற்கும். அதற்குள் நெருப்பு நிதானமாக மதியம் வரை எரியும். டோரதி இடிக்கவில்லை. குழந்தையைத் தூங்க வைப்பதுபோல உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தாள். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் கேஸ் அடுப்போடு வளர்ந்தவளுக்கு வேறென்ன தெரியும்? பாதியில் தூள் சரிந்து நெருப்பு அவிந்துவிடும் என்று லூர்துராணிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"இது போதுமாக்கா?"

"போதும் போதும்."

பாலக்கரையில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து ஈஸ்டருக்கு மாட்டு விலா எலும்பு லூர்துராணியின் கைப்பக்குவம்தான். தவக்காலம் முழுக்கக் கறி தொடாத வீடு அந்தச் சட்டிக்காகக் காத்திருக்கும். சின்ன வெங்காயமும் மிளகும் தேங்காய்ச் சில்லும் சேர்த்து, அவசரப்படாமல் வேகவிட வேண்டும். மாமியார் அற்புதம்மாள் வாய்விட்டுப் பாராட்டுகிறவர் அல்ல; இன்னொரு துண்டு கேட்டு வாங்குவார், அவ்வளவுதான். புகையில் கண் எரிந்தவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்படியிருக்க, இன்று விடிந்ததும் விடியாததுமாக, "இந்தத் தடவ சின்னவ ஆக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். கல்யாணச் சேலையின் மடிப்புக்கூடக் கலையாதவள் ஆக்கட்டுமாம். லூர்துராணிக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. புனித வாரத்தில்தான் பாவசங்கீர்த்தனம் செய்து சாமியாரிடம் மன்னிப்பு வாங்கியிருந்தாள். அதற்குள் புதிதாக ஒன்று சேர்ந்துவிட்டது.

சட்டியை ஏற்றிவிட்டு எல்லோரும் பூசைக்குப் போனார்கள். கோயில் தெருமுனையில்தான். தோல்போல் விறைத்த கறியையும் அதை மாமியார் ஒதுக்கித் தள்ளுவதையும் நினைத்துக்கொண்டு, லூர்துராணி அல்லேலூயாவை வழக்கத்தைவிட உரக்கப் பாடினாள். பிரசங்கம் தொடங்கியதும் சிகரெட்டுக்காக நழுவும் ஆண்களோடு அவள் கணவன் சகாயநாதனும் வெளியே போனான். நற்கருணை வாங்கக்கூட அவன் திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே கறி மணத்தது. அடுப்பு கனிந்து எரிந்துகொண்டிருந்தது. டோரதி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். லூர்துராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொல்லைப்பக்கம் போனால், சகாயநாதன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. புதுச் சட்டையெல்லாம் கரி.

"தீப்பெட்டி எடுக்க வந்தேன் ராணி. தூள் சரிஞ்சு அடுப்பு அவிஞ்சு கெடந்துச்சு. எல்லாத்தையும் கொட்டிட்டு, திரும்ப இடிச்சு நெரப்பி பத்த வச்சேன்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ செய்யறத இத்தன வருசமா பாக்கறேன்ல."

இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்காக அடுப்படிக்குள் கால் வைக்காத மனுஷன், நேற்று வந்தவளுக்காகப் புகையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"யார்கிட்டயும் சொல்லிக்காத. அம்மா முன்னாடி ஒனக்கு ஒரு சொல்லு வந்துறக் கூடாது பாரு."

அவன் தூங்கி எழுந்து நேரே கோயிலுக்குக் கிளம்பியவன். சட்டி கை மாறியதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. லூர்துராணியும் இப்போது சொல்லவில்லை. சொன்னால், தூள் இறுகாததை நீ பார்க்கவில்லையா என்று கேட்பான்.

ஈஸ்டருக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். அற்புதம்மாள் இரண்டாம் துண்டுக்குத் தட்டை நீட்டினார். எதிரே இருந்த சகாயநாதன் மனைவியைப் பார்த்து ரகசியமாகச் சிரித்தான். டோரதி சட்டியிலேயே பெரிய எலும்பாகத் தேடி எடுத்து லூர்துராணியின் தட்டில் வைத்தாள்.

"மொத மொத ஆக்கியிருக்கேன். நீங்க சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கையா இருக்கும்க்கா."

சகாயநாதனின் சிரிப்பு நின்றது. அவன் டோரதியைப் பார்த்தான், பிறகு லூர்துராணியைப் பார்த்தான். பார்வையை அவள்மேலிருந்து எடுக்கவே இல்லை. அவள் குனிந்து எலும்பைப் பிடித்தாள். பூவாய் வெந்த கறி அப்படியே தட்டில் தங்கிவிட, வெறும் எலும்பு மட்டும் அவள் கையோடு வந்தது.