பாதி உப்பு

சாஸ் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. புது லேபிளில் சோடியத்தின் அளவு பாதியாகியிருந்தது. சாஸில் உப்பு குறையவில்லை; ஒருமுறை பரிமாறும் அளவை இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்றாக்கியிருந்தார்கள். இது ஏமாற்று வேலை என்று மேலாளரிடம் சொல்லத்தான் போனேன். "சரி சார்" என்று லேபிள் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் அப்பா அதே சாஸைத் தட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பிரஷரை வச்சுக்கிட்டு இவ்வளவாப்பா?"

"உப்பைப் பாதியாக்கிட்டாங்கம்மா. லேபிளைப் பாரு. அதான் நாலு ஸ்பூன்!"

பாட்டிலைப் பிடுங்கினேன். "உப்பு அதேதான்! ஸ்பூன் கணக்கைத்தான் மாத்தினாங்க!"

"உனக்கு இவ்வளவு சத்தம் வருமா?" என்று சிரித்தார். "இதை அங்க சொல்லியிருக்கலாமே, கண்ணு."

மூடியை இறுகத் திருகினேன்.