கழுவிய கதவு

1998 மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, டெக்சாஸின் ரிச்சர்ட்சனில், எமிர் பிரிட்சர்ட் என்பவரின் வீட்டுப் பின்னறையிலிருந்த பழைய மரக்கதவு ஒன்று சோப்புத் தண்ணீரால் கழுவப்பட்டது. கழுவியவள் பக்கத்து வீட்டு சண்முகப்ரியா.

அம்மா இறந்துபோனதால் எமிர் வேல்ஸுக்குப் போயிருந்தார். செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லி, சாவியை ப்ரியாவின் கணவன் சபரியிடம் கொடுத்திருந்தார். ஆபீஸில் சபரிக்கு அவர்தான் மேனேஜர்.

"துக்க வீட்டக் கழுவாம விட முடியுமாங்க?" என்றாள் ப்ரியா, வேலையிலிருந்து திரும்பியவனிடம். "காரியம் முடிச்சு வர்ற மனுஷன் அப்படியே உள்ள கால் வைக்கறதா? கூடப் பொறந்தவங்களும் யாருமில்ல. எல்லா ரூமும் தொடச்சுட்டேன். அந்தப் பின்னாடி ரூம்தான் இடுப்ப ஒடிச்சிருச்சு. ஒரே கரி. குட்டிக் கதவுல சாக்பீஸ் கிறுக்கல் வேற."

சபரி ஷூவைக் கழற்றாமலே எமிரின் வீட்டுக்கு ஓடினான்.

அந்த அறை ஒரு பப். வேல்ஸ் மலைக்கிராமத்தில் எமிரின் அம்மா தன் வீட்டு முன்னறையிலேயே நாற்பது வருடம் நடத்தியது. சுவரில் ஒரு சிறிய திறப்பு, அதற்கொரு பாதிக்கதவு. அதன் வழியாகத்தான் அந்த அம்மாள் பீர் ஜாடியை நீட்டுவாராம். முதுகில் குளிர்காற்று படாதபடி உயர்ந்த சாய்வு வைத்த பெஞ்சு. தலைமுறை தலைமுறையாகக் கணப்புப் புகை குடித்துக் கறுத்த பலகைகள். அம்மாவுக்கு முடியாமல் போய்க் கடையை மூடியபோது, எமிர் அறையைப் பலகை பலகையாகக் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பொருத்தினார். பாலிஷ்கூடப் போடவிடவில்லை. பாதிக்கதவில், கடைசி நாள் டாமினோ ஆடியவர்களின் பெயர்களும் அவர்கள் எடுத்த புள்ளிகளும் அம்மாவின் கையெழுத்தில் இருந்தன.

வெள்ளிக்கிழமைகளில் சபரி அந்த பெஞ்சில் உட்கார்ந்து எமிரோடு ஒரு கிளாஸ் பீர் குடிப்பான். பெண் பார்க்கப் போன அன்று ப்ரியாவின் அப்பா கேட்டது ஒரே கேள்வி, மாப்பிள்ளை குடிப்பாரா என்று. அதனால் ப்ரியாவிடம் அதைப் பழைய மரச்சாமான் ரூம் என்றே சொல்லி வைத்திருந்தான்.

இப்போது பாதிக்கதவு வெளுத்து, ஸ்கிரப்பர் இழுத்த வரிகளோடு ஈரமாக இருந்தது.

"அது அவங்கம்மா எழுதினது" என்றான், பின்னாலேயே வந்து நின்றவளிடம்.

ப்ரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ. மரச்சாமான் ரூம்னுதானுங்களே சொன்னீங்க?"

அவன் ஈரப் பலகையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"நானே சொல்லிடறேனுங்க. தெரியாம பண்ணினதுதானே, கால்ல வேணாலும் விழறேன்."

"உனக்கெதுக்கு? கிரீன் கார்ட் பேப்பர் அவர் கையெழுத்துக்குத்தான் வெயிட் பண்ணுது. நான் பாத்துப் பேசிக்கறேன்."

சனிக்கிழமை எமிர் வந்தார். சபரி சாவியைக் கொடுக்கப் போனபோது அவர் பின்னறையில் நின்றுகொண்டிருந்தார். கதவின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். கோபமாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை லூர்தெஸ் வந்தாளா என்று மட்டும் கேட்டார். வாரம் ஒருமுறை வந்து வீடு பெருக்கிப்போகும் மெக்சிகோப் பெண் அவள்.

"வந்தாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னான் சபரி. அது பொய்யில்லை. காலையில் வந்து, கூடத்தில் வாக்குவம் பண்ணிவிட்டுப் போயிருந்தாள்.

இந்த அறைக்குள் போகாதே என்று அவளிடம் பலமுறை சொல்லியிருந்ததாக எமிர் சொன்னார். சபரி கீழே ஸ்லேட் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேச இடமிருந்தது. எமிர் அவசரப்படவேயில்லை. சாவியை பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

ப்ரியா வேலியோரத்தில் ரசம் சாதம் வைத்த டப்பாவோடு காத்திருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"ம்."

"என்ன சொன்னாருங்க?"

"பரவாயில்லன்னாரு."

"தங்கமான மனுஷன்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவோடு எமிரின் வீட்டுக்குள் போனாள். சபரி அவளைத் தடுக்கவில்லை. அவளுக்கு அவ்வளவு இங்கிலீஷ் பேச வராது என்பது அவனுக்குத் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை லூர்தெஸ் வரவில்லை. எமிரின் வீட்டு முன்னால் ஒரு கிளீனிங் கம்பெனியின் வேன் நின்றது.