உயிர் உள்ள பலகை

...இல்லை, அந்தப் பலகையாக இருக்காது, அதுவாக இருந்தால் முதலில் தனக்கல்லவா வந்திருக்க வேண்டும், தினமும் அதைக் கையில் எடுக்கிறவள் தான்தானே, என்று குணவதி நினைத்தாள். ஆனால் அவள் காலில் புண் இல்லை. அப்பாவின் காலில் இருக்கிறது. லூனாஸ் கிளினிக்கில் அப்பா உயரமான கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார், நர்ஸ் லோகேஸ்வரி மிஸி புண்ணின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள், கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, அப்போது அந்த வாடை... போன வாரம் இந்த வாடை இல்லை. "என்ன அம்மாசி அங்கிள், சீனி போட்டு தே குடிச்சீங்களா?" என்றாள் மிஸி. "ரெண்டு பிஸ்கட்டுதான் லா, அதுவும் தண்ணியில நனைச்சி." "நனைச்சா சீனி கரைஞ்சி போயிருமாக்கும்!" அம்மா சிரித்தாள், குணவதியும் சிரிக்க வேண்டுமே என்று உதட்டை விரித்தாள். பெருவிரல் இருந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு ஏறியிருந்தது. இனி ஒரு தடவை சீழ் பிடித்தால் பாதத்தை எடுக்க வேண்டி வரும் என்று விரலை எடுத்த டாக்டர் அன்றே சொல்லியிருந்தார், அடுத்த பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாக.

கூலிமில் அவள் வேலை செய்யும் ஆய்வகத்தில் அந்தச் சிமெண்டுப் பலகைகளைச் செய்கிறார்கள். துளைத்துளையான பலகை, துளைகளுக்குள் நல்ல நுண்ணுயிர்கள், ஆஸ்பத்திரிச் சுவர்களில் பதித்தால் கெட்ட கிருமிகளை அண்ட விடாது. காலியான இடம் காலியாகவே இருக்காது, நாம் முந்திக்கொண்டு நல்லவர்களை உட்கார வைக்கிறோம், அவ்வளவுதான் என்பார் அவளுடைய மேலதிகாரி ஷாமளா மேடம். "ஆனா புண்ணு உள்ளவங்க பக்கத்துல இப்ப வெக்கக்கூடாது குணா, அத நாம இன்னும் சோதிக்கல," என்றும் சொன்னார். அவள் தலையாட்டினாள். எதற்கும் தலையாட்டுகிறவள்தானே. ஆனால் அப்பா ஆஸ்பத்திரியிலேயே ஒரு கிருமியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருந்தார், அவர் கட்டிலை ஒட்டிய சுவரில் ஈரம் கருப்பாகப் படர்ந்திருந்தது, மிச்சமான பலகை ஒன்று எப்படியும் குப்பைக்குத்தான் போக இருந்தது... அதைத் திருட்டு என்று சொல்ல முடியுமா? திருட்டுதான். நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்து, சுவர் ஈரத்துக்கு நல்லது என்று மட்டும் சொல்லி, அப்பாவின் கால்மாட்டில் ஒட்டினாள். உயிர் உள்ளது என்று சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார்கள் என்று நினைத்தாள், அல்லது கேள்வி கேட்பார்கள் என்று. புண் காயத் தொடங்கியது. யாரும் இல்லாத நேரத்தில் பலகை முன்னால் நின்று, ஷாமளா மேடத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருக்கிறாள். வெட்கம்.

மிஸி பஞ்சுக் குச்சியால் புண்ணை ஒற்றி எடுத்தாள். "ஹாஸ்பிட்டல் லேபுக்கு அனுப்பணும். வீட்டுல புதுசா எதுவும் இருக்கா ஆன்ட்டி? பூனை, நாட்டு எண்ணெய், பச்சிலை?" அம்மா முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல மிஸி, நான் கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன். வெள்ளிக்கெழமைக்கு வீடு கழுவணும்ல, வியாழக்கெழம வந்தா சொவரெல்லாம் பிளீச் போட்டுத் தொடச்சிருவேன். இவ கொண்டாந்த பலகையையும்தான். வெச்ச பொட்டு அழிஞ்சிரும், மறுபடி வெப்பேன்." அந்தப் பொட்டைக் குணவதி பார்த்திருக்கிறாள். ஐஸ் பெட்டிக்கு, அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு, வீட்டுக்கு வந்த எதற்கும் அம்மா மஞ்சள் குங்குமம் வைப்பாள். பொட்டைப் பார்த்தவளுக்கு வியாழக்கிழமை பிளீச் தோன்றவில்லை. அப்படியென்றால் பலகையின் நுண்ணுயிர்கள் எல்லாம் செத்துவிட்டன, புண் காய்ந்தது அவளால் இல்லை, இப்போது சீழ் பிடித்ததும் அவளால் இல்லை... ஆனால் நுண்ணுயிர்களின் உறங்கும் வித்துகள் பிளீச்சுக்கு எளிதில் சாகாதே, பரீட்சையில் எழுதியிருக்கிறாளே. செத்திருந்தால் மட்டும்? காலியான துளைகளில் யார் வந்து உட்கார்ந்தது? உயிர் உள்ளது என்று சொல்லியிருந்தால் அம்மா பிளீச் போட்டிருக்க மாட்டாள், அதற்கு என்ன சாப்பாடு வைக்கணும் என்று கேட்டிருப்பாள்.

"நல்ல பலகை அது," என்றார் அப்பா. "மத்தியானம் ஜில்லுன்னு இருக்கும். எரியிற கால அதுமேல வெச்சிக்குவேன்." மிஸி நிமிர்ந்தாள். "கட்டோடதானே?" "கட்டு புழுங்குது லா, கொஞ்சம் எறக்கி விட்டுக்குவேன்..." "ஐயோ அங்கிள்! சின்னப் புள்ளையா நீங்க? சிமெண்டுல போயி வெறும் புண்ண வெப்பாங்களா?" சிமெண்டு. மிஸிக்கு அது வெறும் சிமெண்டு. குச்சி குழாய்க்குள் போயிற்று, மூடி திருகப்பட்டது, அப்பாவின் பெயர் ஒட்டப்பட்டது. லேபில் ஏற்கெனவே தெரிந்த கெட்ட கிருமிகளைத்தான் தேடுவார்கள். அவள் பலகையில் இருந்தது வளர்ந்தால் காற்றுத் தூசியில் வந்து விழுந்தது என்று ஒதுக்கிவிடுவார்கள், படிக்கும்போது அவளும் அப்படிக் கிருமி வளர்க்கும் தட்டுகள் எத்தனையைக் கொட்டியிருக்கிறாள். அவள் சொல்லாவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். யாருக்கும் தெரியவே போவதில்லை... தோள்கள் தளர்ந்து இறங்குவதை அவளே உணர்ந்தாள். நிம்மதியா இது? அப்பாவின் கால் அங்கே சிவந்து கிடக்க, இவளுக்கு நிம்மதியா?

"மிஸி..." என்றாள். எப்போதும்போல வாய்க்குள்ளேயே நின்றுவிட்ட குரல். மிஸி குழாயை எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பிவிட்டாள், அம்மா குனிந்து அப்பாவின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள், ஒற்றைச் செருப்பு. அப்பாவுக்கு மட்டும் கேட்டிருந்தது. "என்ன பாப்பா?" என்றார், கட்டில்லாத காலை அப்படியே நீட்டியபடி. இதை மிஸியிடம் இன்னும் சத்தமாகச் சொன்னால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள், முதலில் சொல்ல வேண்டிய ஆள் மிஸி இல்லை, அப்பா என்பது அப்போதுதான்...