மூடி விழும் இடம்

மூக்கண்டப்பள்ளியில் மருந்து பாட்டில் மூடி செய்யும் எங்கள் கம்பெனியில், தரையைத் தொட்ட மூடி ஸ்கிராப். திங்கட்கிழமை பெல்ட்டின் வேகத்தைக் கூட்டியதும், மேல்நோக்கிச் சாய்ந்த அதன் நுனியிலிருந்து மூடிகள் குறுகலான தொட்டியைத் தாண்டிப் பாய்ந்தன. தொட்டியை இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. தரையில் அடித்த மஞ்சள் கட்டத்துக்குள்தான் நிற்க வேண்டும். இன்ஜினியர் இளம்பரிதி கணக்குப் போட்டு, பெல்ட் நுனியிலிருந்து எண்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளிப் புதுக் கட்டம் அடித்தார். அப்போதும் சிந்தியது. பழி அந்த மெஷினில் நிற்கும் மாதேஸ்வரி மேல். இன்றும் சிந்தினால் அவளை பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவதாக சூப்பர்வைசர் சென்னப்பன் சொல்லியிருந்தார்.

டீ நேரத்தில் அவள் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஏய், டீ ஆறுது,” என்றேன்.

“இரு ஜெபா. இன்ஜினியரு கணக்க பாதிதான் போட்டுருக்காரு.”

சாய்வாக ஓர் அம்பு வரைந்தாள். நொடிக்கு இரண்டு மீட்டர், முப்பது டிகிரி. கொசைன் போட்டால் முன்நோக்கி 1.73 மீட்டர். இதுவரை இளம்பரிதியின் கணக்கும் சரி. சைன் போட்டால் மேல்நோக்கி ஒரு மீட்டர்.

“பெல்ட்டு முன்னால மட்டுமா தள்ளுது? மேலயும் தூக்கி வுடுதில்ல? அத வுட்டுட்டாரு.”

ஏறி இறங்கும் மூடி, 1.2 மீட்டர் கீழே உள்ள தொட்டியைத் தொட 0.6 நொடி. 1.73ஐ அதால் பெருக்கினாள். நூற்று நான்கு சென்டிமீட்டர்.

ஆயிரக்கணக்கான மூடிகள் விழுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரே பாய்ச்சலுக்குள் இரண்டு பயணங்கள் இருப்பதைப் பார்த்தவள் இவள்தான். ஒன்று அவசரமில்லாமல் முன்னால் நடக்கிறது. மற்றொன்று ஏறி, களைத்து, விழுகிறது. ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதேயில்லை.

“எந்த காலேஜுங்க மேடம்?” என்று சிரித்தார், சென்னப்பனோடு அங்கே வந்து அவள் கணக்கைக் கேட்ட இளம்பரிதி.

“பன்னெண்டாவதுங்க சார். உங்க காலேஜ்ல சைன் கெடையாதுங்களா?”

சென்னப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அவ சொல்ற எடத்துலயே வையிங்க. சிந்துச்சுன்னா இப்பவே பேக்கிங்.”

டேப் வைத்து அளந்து தொட்டியை நகர்த்தினோம். பெல்ட் ஓடியது. மாதேஸ்வரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையையே பார்த்தாள். பத்து நிமிடம். ஒரு மூடிகூட வெளியே விழவில்லை.

இளம்பரிதி அட்டையை வாங்கி வரி வரியாகப் படித்தார். “என் தப்புதாங்க,” என்று சென்னப்பனிடம் சொல்லி அந்த அட்டையிலேயே கையெழுத்திட்டார்.

“நீ இங்கயே நில்லும்மா,” என்றார் சென்னப்பன். “நாளைக்கு ரெண்டாவது பெல்ட்டும் வேகம் ஏத்துறாங்க.”

“அது எத்தன டிகிரிங்க சார்?” என்று கேட்டாள் மாதேஸ்வரி.